வோட்டுப் போட்ட அத்தனை பேருக்கும்

அக்காவுக்கு நன்றி சொல்வதில் அளவு தெரியாது. அவரைப் பற்றி யாருக்காவது சொல்ல வேண்டி வந்தால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். பெயரைச் சொல்லமாட்டேன். டென்மார்க்கில் எங்கள் ரண்டர்ஸ் ஊர்த் தமிழ்ச் சனத்துக்கு ஆள் யாரென்று தெரியும். தெரியாதவர்களுக்குப் பெயர் எதற்கு?

டேனிஷ்காரரிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. போன கிழமை ஒருவர் வீட்டில் சாப்பிட்டிருந்தால், அடுத்த முறை அவரைக் காணும்போது 'தக் ஃபோ சிஸ்ட்' என்பார்கள். கடைசியாகச் சந்தித்ததற்கு நன்றி என்று பொருள். எங்களில் பலருக்கு அது வாயில் வர வருடக்கணக்கானது. அக்கா வந்த புதிதிலேயே அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. விருந்து உபசாரத்துக்குச் சொல்லும் பேச்சை அவர் உலகத்துக்கே பொதுவாக்கிவிட்டார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய வைத்தியரைச் சனிக்கிழமைச் சந்தையில் கண்டு சொன்னார். கார் ஓட்டும் சோதனையில் தன்னைப் பெயில் விட்ட அதிகாரியே அடுத்த சோதனைக்கும் வர, கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார். அந்த மனிசன் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு அன்றைக்கும் பெயில்தான் விட்டான்.

"எப்பிடிச் சிரிச்சவர் தெரியுமே தங்கச்சி? அருமையான மனிசன்," என்றார் என்னிடம்.

நாங்கள் இருவரும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. நான் மேலே, வயோதிபர்களைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றும் பிரிவில். அவர் கீழே சலவைப் பகுதியில். மன்னார்ப் பக்கம் பிறந்த ஊர். கணவர் இங்கே வந்து சில வருடங்களில் இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஒரே தம்பி கனடாவில். இதையெல்லாம் அவர் கவலையாகச் சொன்னதே கிடையாது. காலநிலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மடித்த துவாய்களை அடுக்கத் தொடங்கிவிடுவார்.

அவரை விளையாட்டில் இழுத்துவிட்டது சமையலறையில் வேலை செய்த கியர்ஸ்டன். இங்கே யூலண்ட் பக்கத்தில் கோடைகாலம் வந்தால் ஊருக்கு ஊர் 'அம்மாமார் ருண்ட்போல்' நடக்கும். ருண்ட்போல் என்றால் மட்டையால் பந்தை அடித்துவிட்டு மூலைக்கு மூலை ஓடும் ஆட்டம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஆடிய எல்லேக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர் கோடி கோடியாய்க் கொட்டி ஆடும் பேஸ்போலுக்கு ஏழைச் சொந்தம். வேலையும் பிள்ளைகளும் என்று முறிகிற பெண்கள் பின்னேரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் கூடி, கத்தி, விழுந்து, பிறகு கோப்பியும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கியர்ஸ்டன் எங்கள் அணிக்குத் தலைவி. அக்காவைக் கேட்டபோது அக்கா தயங்கினார்.

"நான் அம்மா இல்லையே," என்றார் டேனிஷில்.

"கால் இருக்குதல்லவா? போதும்," என்றாள் கியர்ஸ்டன்.

அந்த ஒரு வார்த்தைக்காக அக்கா அவளுக்குக் கோடை முழுவதும் மீன் ரோல்ஸ் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆட்டம் என்று பார்த்தால் அக்கா சுத்த மோசம். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. பந்து போனபிறகுதான் மட்டை வரும். ஓடும்போது ஒரு கை மூக்குக்கண்ணாடியைப் பிடித்திருக்கும், மற்றக் கை கழுத்துச் சங்கிலியைப் பிடித்திருக்கும். தன்னை ஆட்டமிழக்கச் செய்தவளைத் தேடிப் போய் 'நல்லாப் பிடிச்சனீங்கள், நன்றி' என்பார். முதலில் எதிரணிக்காரர் இது என்ன நக்கலோ என்று பார்ப்பார்கள். முகத்தைப் பார்த்தால் நக்கல் இல்லை என்று தெரிந்துவிடும். பிறகு அவர்களும் சிரிப்பார்கள். அக்காவைச் சுற்றி எந்நேரமும் சிரிப்பாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் பக்கத்துக் கிராமத்து அணியோடு ஆட்டம். மழை பெய்து புல் வழுக்கிக்கொண்டிருந்தது. அதிசயமாக அக்காவின் மட்டையில் பந்து பட்டுவிட்டது. பட்டதும் ஓடவேண்டாமா? அவர் மட்டையைப் புல்லில் பதமாகக் கிடத்தி, பந்து போட்டவளைப் பார்த்து 'தக்' என்று நன்றி சொல்லிவிட்டு ஓடினார். இரண்டாவது மூலையில் நின்ற எதிரணிப் பெண் வழுக்கி விழுந்தாள். அக்கா நின்று, அவளைத் தூக்கி, முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தன் கைலேஞ்சியால் துடைத்துவிட்டார். நாங்கள் தொண்டை கிழிய 'ஓடுங்கோ ஓடுங்கோ' என்று கத்துகிறோம். பந்து வந்தது. அக்கா அவுட். துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

யாரோ அதைப் போனில் பிடித்து, சோககீதம் ஒன்றைப் பின்னால் ஓடவிட்டு, 'நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரி' என்று எழுதி வெளியே விட்டார்கள். ஊர் முழுக்கப் பார்த்தது. எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும் பார்த்துச் சிரித்து ஆளுக்காள் அனுப்பினார்கள். அவர்களை மட்டும் தனியே பிரித்து நல்லவர் ஆக்க நான் தயாரில்லை.

அந்தக் கோடையின் முடிவில்தான் நட்சத்திர அணித் தெரிவு வந்தது. பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் ஒவ்வொரு வருடமும் கோடை விழா நடக்கும். சுற்றுவட்டாரத்து அம்மாமார் அணிகள் எல்லாவற்றிலும் இருந்து திறமான பெண்களைப் பொறுக்கி ஒரு நட்சத்திர அணி சேர்ப்பார்கள். பழைய கைப்பந்து வீராங்கனைகளை எதிர்த்து அவர்கள் ருண்ட்போல் ஆடுவார்கள். யாரைச் சேர்ப்பது என்பதைப் பொதுமக்கள் போனில் வோட்டுப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். ஒரு போனில் இருந்து எத்தனை முறையும் போடலாம். இந்த விதியை யோசித்துப் பிடித்த மகானை நான் இன்னும் காணவில்லை.

அந்த வோட்டில் முன்பே தகராறு இருந்தது. ஓர் ஊரில் பேக்கரிக்காரர், தன் மனைவிக்கு வோட்டுப் போட்டதைப் போனில் காட்டினால் பன் இலவசம் என்று கடை வாசலில் எழுதி வைத்தார். மனைவி அணியில் வந்துவிட்டாள். மைதானத்தில் பந்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இன்னோர் ஊர்க்காரர் தங்கள் அணியையே முழுதாக உள்ளே தள்ளப் பார்த்தார்கள். இது விளையாட்டா, யாருக்குச் சொந்தக்காரர் கூட என்ற போட்டியா என்று வருடாவருடம் உள்ளூர்ப் பத்திரிகையில் சண்டை நடக்கும். அதுவரை அது சிரித்துவிட்டுப் போகிற சண்டை.

அந்த வருடம் பெடி பெட்டைகள் கூடிக்கொண்டு அக்காவுக்கு வோட்டுக் குத்தினார்கள். வீடியோவுக்குக் கீழே 'இவளை அனுப்புவோம்' என்று ஒருவன் எழுத, ஆர்ஹூஸில் இருந்தும் கொப்பன்ஹேகனில் இருந்தும், எங்கள் ஊரையே கண்டிராத பிள்ளைகள் எல்லாம் பஸ்ஸில் இருந்தபடி, வகுப்பில் இருந்தபடி அமத்தினார்கள். அக்கா எல்லாருக்கும் மேலே, முதலாவதாக வந்தார்.

செய்தியைக் கியர்ஸ்டன்தான் சலவைப் பகுதிக்கு வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் சரியில்லை. அக்கா அதைக் கவனிக்கவில்லை. இயந்திரங்களை எல்லாம் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது சூடு மாறாத படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, எனக்கு இஞ்சை வோட்டுப் போட உரிமை இல்லை. ஆனா எனக்கு வோட்டுப் போட்டிருக்கினம் பாத்தியே?"

அது என்ன பேச்சு என்று சொல்லவேண்டும். அக்காவிடம் டேனிஷ் குடியுரிமை இல்லை. அதற்கு மொழிச் சோதனை எழுதவேண்டும். அவர் எழுதி எழுதித் தோற்றவர். வாயால் கதைப்பார், கை எழுதாது. பாராளுமன்றத் தேர்தல் நாளில் நாங்கள் எல்லாரும் வோட்டு அட்டையோடு பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, அவர் எங்கள் வேலையையும் சேர்த்துச் செய்வார். அத்தனை வருடம் இந்த ஊர் அவரிடம் வேலை வாங்கியது, வரி வாங்கியது, சோதனைக்குக் காசு வாங்கியது. நீ எங்களுக்கு வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைத்தான் நான் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் பந்தும் மட்டையும்.

"மொழிச் சோதினையைத் திரும்ப ஒருக்கா எழுதிப் பாப்பம் எண்டு இருக்கிறன். ஊரே தெரிவு செய்த ஆளை இனிப் பெயில் விடுவினமே?" என்றார்.

நான் அவரிடம் நேராகவே சொன்னேன். "அக்கா, உதுகள் பகிடிக்குப் போட்ட வோட்டு. வீடியோவுக்குக் கீழ என்ன எழுதியிருக்கிதுகள் எண்டு வாசிச்சுக் காட்டட்டோ?"

"பகிடியெண்டாலும் பிடிச்ச ஆளோடதானே பண்ணுவினம்?" என்றார். "பிடிக்காத ஆளோட ஆர் பகிடி விடுறது?"

போனை மூடிவிட்டேன்.

பிறகு எங்கள் தமிழ்ச் சங்கம் புகுந்தது. விசாரிக்காமல் மாலை போடுவதில் எங்கள் ஆட்களை மிஞ்ச முடியாது. செயலாளர் அண்ணை மண்டபம் எடுத்து, அக்காவைக் கதிரையில் இருத்தி, பொன்னாடை போர்த்தி, பூமாலை போட்டு, 'டென்மார்க் மண்ணில் தமிழ்ப் பெண்ணின் சாதனை' என்று பின்னால் பதாகையும் கட்டினார். அக்கா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "வோட்டுப் போட்ட அத்தனை பேருக்கும் நன்றி. ஆரெண்டு தெரிஞ்சா வீடு வீடா வந்து சொல்லுவன்," என்றார். சனம் கைதட்டியது. படங்களைச் சங்கத்துப் பக்கத்தில் போட்டார்கள்.

மாலையும் பொன்னாடையுமாக அக்கா இருக்கும் அந்தப் படம் போதுமாயிருந்தது. 'மகாராணி முடிசூடிவிட்டாள்' என்று அதை எடுத்து அடுத்த சுற்று ஓடத் தொடங்கியது. தலையில் கிரீடம் வரைந்தார்கள். கையில் மட்டை ஒட்டினார்கள். இந்த முறை தமிழ்ப் பெற்றோரின் போனுக்கும் அது வந்துவிட்டது. செயலாளர் அண்ணை படங்களை இரவோடிரவாகத் தூக்கிவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

"எங்கட மானம் போகுது பிள்ளை. நீர்தானே அவவோட நெருக்கம்? மெல்லமா விலகச் சொல்லும்."

"மாலை போட்டது நீங்கள்தானே அண்ணை? போட்ட கையாலை நீங்களே போய்ச் சொல்லுங்கோ," என்று வைத்துவிட்டேன். அவர் போகவில்லை.

அக்காவுக்கு இதெதுவும் ஏறவில்லை. புதுச் சப்பாத்து வாங்கினார். வேலை முடிந்ததும் இல்லத்துக்குப் பின்னாலுள்ள புல்வெளியில் நான் பந்து போட, அவர் அடித்துப் பழகினார். நம்பமாட்டீர்கள், இடையிடையே பட்டது. மேலே ஜன்னலில் இருந்து எங்கள் கிழவிகள் கையசைத்தார்கள். பந்து பட்டபோதெல்லாம் அக்கா மேலே பார்த்துக் குனிந்து வணக்கம் வைத்தார். எனக்கு அவரைப் பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அக்காவுக்கு இடம் போனதால் அணிக்கு வெளியே நின்றவள் மின்சார வேலை செய்யும் ஒரு பெண். மைதானத்து மரங்களுக்கு மேலால் பந்தை அனுப்பக்கூடியவள். நட்சத்திர அணியில் முதலாவதாக வரவேண்டியவள் அவள்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. அவளுடைய புருசன் பத்திரிகைக்கு எழுதினான். விளையாட்டைச் சர்க்கஸ் ஆக்குகிறார்கள் என்றான். பெடியள் பதிலுக்கு எழுதினார்கள்: வோட்டென்றால் வோட்டு, ஜனநாயகம். ஒருவர், வோட்டை ஒழித்துவிட்டுப் பயிற்சியாளர்களே தெரிவு செய்யட்டும் என்றார். இன்னொருவர், அப்படியென்றால் எங்களுக்கு எதற்கு விழா என்றார். இத்தனை பேர் எழுதினார்களே, அதில் ஒருவர்கூட அக்காவின் வீட்டு மணியை அடித்து ஒரு சொல் கேட்கவில்லை.

மணி அடித்து வந்தது விழாக் குழுவில் இருந்த ஒரு பெண். நல்ல பெண். வருகிறேன் என்று முன்கூட்டியே போன் செய்திருந்தாள். அக்கா என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். மாதா படத்துக்குக் கீழே மேசையில் ரோல்ஸ், கேக், மூன்று வகை பிஸ்கட். அக்காவின் மேல் எங்கள் அணியின் சட்டை.

அந்தப் பெண் கோப்பியைத் தொடவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். வோட்டுகள் உண்மையான நோக்கத்தோடு போடப்படவில்லை. ஆட்டத்தன்று இளைஞர்கள் திரளாக வரப்போகிறார்கள். காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு, விசில் ஊதி, அக்கா தடுமாறுவதைப் படம் பிடிக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டதைக் குழு தன் கண்ணால் பார்த்துவிட்டது. அக்கா தானாகவே விலகினால் அக்காவுக்குத்தான் நல்லது.

அக்கா சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்ததுபோல் இருந்தது. நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

"வேண்டாம் தங்கச்சி. விளங்கினது," என்றார். பிறகு தட்டை அந்தப் பெண்ணுக்குக் கிட்ட நகர்த்திவிட்டு, "இவவிட்டை ஒண்டு மட்டும் கேட்டுச் சொல்லு. எனக்குக் கேக்க வாய் வரேல்லை. எல்லாமே பகிடிதானோ? ஒராளாவது உண்மையாப் போட்டிருக்குமோ?"

"நான் போட்டனான் அக்கா."

"நீ போடுவாய். நீ என்ர ஆள். நான் ஊரைக் கேக்கிறன்."

கேட்டேன். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. வோட்டை எண்ணலாம், போட்டவர் மனதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது என்றாள். நிச்சயம் பலர் உண்மையாகவே போட்டிருப்பார்கள் என்றாள். நிச்சயம் என்றால் எப்படி என்று அக்கா கேட்கவில்லை. நேரே அவளைப் பார்த்து, தன் டேனிஷில், மெதுவாக, "நீங்கள் போட்டனீங்களோ?" என்று கேட்டார்.

"குழுவில் இருப்பவர்கள் போடக்கூடாது," என்றாள் அவள்.

அக்கா தலையசைத்தார். "அப்ப சரி. அந்தக் கரண்ட் வேலை செய்யிற பிள்ளை ஆடட்டும். அது கெட்டிக்காரி," என்றார். வந்தவளுக்கு ரோல்ஸைச் சுற்றிக் கொடுத்து வாசல்வரை போய் அனுப்பினார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி, மடித்து, கியர்ஸ்டனிடம் குடுத்துவிடு என்று என் கையில் தந்தார். அழவில்லை. அன்றைக்கு அவர் அழுதிருந்தால் நான் இவ்வளவு உடைந்திருக்கமாட்டேன்.

ஆட்டத்தன்று அவர் வேறொருத்தியின் முறையை மாற்றி வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தார். கியர்ஸ்டன் போயிருந்தாள், அவள்தான் சொன்னாள். பெடியள் கிரீடத்தோடு வந்து, அக்காவின் பெயரைச் சொல்லிக் கொஞ்சநேரம் கத்தினார்களாம். பிறகு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்களாம். மின்சாரப் பெண் நன்றாக அடித்தாளாம், ஆனால் ஒருமுறையும் சிரிக்கவில்லையாம். அடுத்த வருடம் விதியை மாற்றினார்கள்: பாதிப் பேரைப் பயிற்சியாளர்கள் தெரிவு செய்வது, மீதிக்குச் சனம், ஒரு போனுக்கு ஒரு வோட்டு. எல்லாருக்கும் திருப்தி. அந்த விதி நல்ல விதிதான். அதற்கு யார் விலை கொடுத்தார் என்பதை மட்டும் எவரும் எழுதவில்லை.

அக்கா மொழிச் சோதனைக்குப் பதியவில்லை. கியர்ஸ்டன் எத்தனையோ தரம் கெஞ்சியும் மைதானத்துக்கு வரவில்லை. முழங்கால் நோவு என்றார். அடுத்த வருடமே தம்பி கூப்பிட்டார் என்று கனடாவுக்குப் போய்விட்டார். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தபோது வழக்கமான நன்றி வரவில்லை. "சுகமா இரு பிள்ளை" என்று மட்டும் சொன்னார். இத்தனை வருடம் தனக்குள் ஓடித் திரிந்த ஒரு மனிசியை இழந்தது இந்த ஊருக்கே தெரியாது.

இப்போதும் எப்போதாவது போன் எடுப்பார். போன மாதம் எடுத்தபோது, வீட்டுக்கு முன்னால் ஒரு பூங்கா இருக்கிறது, பின்னேரத்தில் சனம் பேஸ்போல் ஆடும் என்றார். தம்பியின் பேத்திக்கு ஏழு வயது. அது மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, "வாங்கோ பாட்டி, என்ர ரீமுக்கு வாங்கோ," என்று கையைப் பிடித்து இழுத்ததாம்.

"போனனீங்களோ அக்கா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"உண்மையாக் கூப்பிடுறியோ, பகிடிக்கோ எண்டு கேட்டுப்போட்டன் தங்கச்சி. வாய் தவறி வந்திட்டுது. குழந்தைக்கு என்ன விளங்கும்? என்ர முகத்தைப் பாத்துக்கொண்டே நிண்டுது. பிறகு அழத் தொடங்கிட்டுது."